ஒளிப்பட எண்ணிமமாக்கத்தில் திரை அளவுத்திருத்தம்

திரை அளவுத்திருத்தம் என்பது கணினித் திரையின் ஒளிர்வையும் நிறத்தையும் அறியப்பட்ட ஒரு செந்தரத்துக்கு இணங்கச் செய்யும் பணி ஆகும். பழைய ஒளிப்படங்களை வருடி மூலம் எண்ணிமக் கோப்புகளாக்கும்போது இது முதன்மை பெறுகிறது. வருடி தரும் எண்களைத் திரை மாற்றுவதில்லை. ஆனால் அவ்வெண்களைத் திருத்துபவர் திரையைப் பார்த்தே முடிவெடுக்கிறார். ஆகவே திரையின் பிழை, எதிர்த்திசையில் கோப்பில் பதிந்துவிடுகிறது.

பிழை பதியும் முறை

பொதுப் பயன்பாட்டுக்கான எஸ்ஆர்ஜிபி நிறவெளி 1996இல் முன்மொழியப்பட்டு, 1999இல் பன்னாட்டுச் செந்தரமானது. அதன் வெண்புள்ளி ஏறத்தாழ 6500 கெல்வின். காமா ஏறத்தாழ 2.2. கதோட்டுக் கதிர்க் குழாய்த் திரைகள் பலவோ 9300 கெல்வின் அமைப்புடன் விற்கப்பட்டன. அத்தகைய நீலம் மிகுந்த திரையில், அருகிலுள்ள அச்சுப்படத்துடன் ஒப்பிட்டுத் திருத்துபவர் மஞ்சளைக் கூட்டுவார். அக்கோப்பு பிற திரைகளில் மஞ்சளாகத் தோன்றும். இவ்வாறே, ஒளிர்வு மிகுந்த திரையில் திருத்திய படம் அச்சில் இருண்டு வரும்.

காமா என்பது படப்புள்ளியின் எண்மதிப்புக்கும் திரை உமிழும் ஒளிக்கும் உள்ள அடுக்குத் தொடர்பு. 255இல் 128 என்னும் மதிப்பு, காமா 1.8 எனில் உச்ச ஒளியில் ஏறத்தாழ 29 விழுக்காட்டையும், 2.2 எனில் 22 விழுக்காட்டையும் தரும். மாக் கணினிகளின் இயல்பான காமா 2009 வரை 1.8 ஆகவே இருந்தது. அவற்றில் திருத்தப்பட்டு, நிறவிவரக் கோப்பு இணைக்கப்படாத படங்கள் விண்டோசு கணினிகளில் இருண்டு தெரிந்ததற்கு இதுவே காரணம்.

பழைய படங்களின் தனிச்சிக்கல்

புதிய படத்தில் தோலின் நிறமோ வானமோ ஐயத்தைத் தீர்க்கும். மங்கிய படத்தில் அந்தச் சான்றே சிதைந்திருக்கும். இருண்ட இடத்தில் வைக்கப்பட்ட 1970களின் வண்ண அச்சுப்படங்கள் பலவற்றில் மயில்நீலச் சாயம் முதலில் மங்குவதால் படம் சிவக்கிறது. இச்சிவப்பில் மங்கலால் வந்தது எவ்வளவு, ஆடையில் உண்மையாக இருந்தது எவ்வளவு என்பதைத் திருத்துபவரே கணிக்க வேண்டும். செப்பியா படங்களின் பழுப்போ வேண்டுமென்றே ஊட்டப்பட்டது. அதை மஞ்சளிப்பு எனக் கருதி நீக்குவது பிழை. கருமையை விழுங்கும் திரையில் கருங்கூந்தலின் இழைகளும் நிழலிலுள்ள முகமும் தெரியாமற்போகும். அவற்றுடன் தூசும் கீறலும் மறைந்துவிடும்.

உருசிய ஒளிப்படக் கலைஞர் செர்கே புரோக்குதின்-கோர்சுக்கி, நீலம், பச்சை, சிவப்பு வடிகட்டிகள் வழியே மூன்று கருப்பு வெள்ளைப் பிம்பங்களைக் கண்ணாடித் தகட்டில் பதிந்தார். அமெரிக்கக் காங்கிரசு நூலகம் 1948இல் வாங்கிய 1900க்கும் மேற்பட்ட இத்தகடுகள் 2000இல் எண்ணிமமாக்கப்பட்டன. மூன்றையும் சேர்க்கும்போது நிறச்சமநிலையைச் சேர்ப்பவரே தீர்மானிக்க வேண்டியுள்ளதால், ஒரே தகட்டிலிருந்து வெவ்வேறு சாயலுள்ள படங்கள் உருவாகியுள்ளன. சேர்க்கப்படாத மூலவருடல்களையும் நூலகம் வழங்குவதால் அவற்றை மீண்டும் சரிபார்க்க இயலுகிறது. வீட்டுத் தொகுப்புகளில் பெரும்பாலும் இவ்வாய்ப்பு இல்லை. அச்சுப்படம் மேலும் மங்கும், அல்லது தொலையும். பின்னர் எஞ்சுவது திருத்திய கோப்பு மட்டுமே.

செய்முறை

திரை அரைமணி நேரம் இயங்கிய பின், நிறமானியை அதன்மேல் பொருத்தி அளப்பது நம்பகமான முறை. மென்பொருள் காட்டும் நிறங்களுக்கும் கருவி அளந்தவற்றுக்கும் உள்ள வேறுபாடு நிறவிவரக் கோப்பாகச் சேமிக்கப்படும். ஒளிர்வு பொதுவாகச் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 காண்டெலா வரை அமைக்கப்படுகிறது. கண்ணால் பார்த்துச் சரிசெய்யும் இயங்குதள வசதிகள் கருவிக்கு ஈடாகா. எனினும் ஒன்றும் செய்யாதிருப்பதைவிட மேலானவை. தானியங்கு ஒளிர்வையும் இரவுநேர நிறமாற்றத்தையும் நிறுத்திவைப்பது கட்டாயம். இவை மறக்கப்படுவதே அடிக்கடி நிகழ்கிறது. மஞ்சள் விளக்கின் கீழ் அச்சுப்படத்தைப் பார்த்து ஒப்பிடுவதும் பயனற்றது.

பார்ப்போரின் திரைகள் அளவுத்திருத்தம் அற்றவை என்பதால் இம்முயற்சி வீண் எனச் சிலர் வாதிடுவர். அத்திரைகளின் பிழைகள் பல திசைகளில் சிதறியவை. கோப்பு நடுவில் இருந்தால் ஒவ்வொருவரும் தம் திரையின் பிழையை மட்டுமே காண்பர். இல்லையெனில் திருத்தியவரின் பிழையும் அதனுடன் சேரும்.

வருடியின் பிழையைத் திரை அளவுத்திருத்தம் நீக்காது. அதற்கு ஐடி8 போன்ற நிற அட்டையை வருடித் தனி நிறவிவரக் கோப்பு உருவாக்க வேண்டும். திருத்தப்படாத வருடலை 16 நுண்மி டிஃப் கோப்பாகப் பேணி, நகலில் மட்டும் திருத்துவது வழக்கம்.