வேங்கை மரத்தின் வாழிடம், பரவல், பாதுகாப்பு நிலை: சங்கப் பாடல்களின் துணையுடன் ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

அவரைக் குடும்பத்தைச் சார்ந்த காட்டு மரமாகிய வேங்கை, குறிஞ்சித் திணைப் பாடல்களில் மிகுதியாகப் பயின்றுவரும் மரங்களுள் ஒன்று. அதன் வாழிடம், பரவல், இன்றைய பாதுகாப்பு நிலை ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. பாடல்கள் காட்டும் வாழிடச் செய்திகள் தாவரவியல் செய்திகளோடு பொருந்துவதைச் சுட்டி, பரந்த பரப்பில் காணப்படுவதாலேயே ஒரு மரத்தின் எதிர்காலம் உறுதியாகிவிடாது என்பதை நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: வேங்கை, குறிஞ்சி, இலையுதிர் காடு, உதிரவேங்கை, செம்பட்டியல்.

முன்னுரை

வேங்கை என்னும் சொல் தமிழில் மரத்தையும் புலியையும் குறிக்கும். இவ்விரு பொருளையும் இணைத்துப் புலவர்கள் படைத்த காட்சிகள் உரையாசிரியர்களாலும் திறனாய்வாளர்களாலும் விரிவாகப் பேசப்பட்டுள்ளன. உவமையின் நயம் பேசப்பட்ட அளவிற்கு உவமைக்கு நிலைக்களனான மரம் பேசப்படவில்லை. புலியின் நிலை குறித்துப் பொதுமக்களிடம் ஓரளவு விழிப்புணர்வு உண்டு; அதே பெயர் தாங்கிய மரத்தின் நிலையைப் பலரும் அறியார். இவ்விடைவெளியே இக்கட்டுரைக்குக் களமாகிறது.

மரத்தின் இயல்பு

வேங்கையின் தாவரவியல் பெயர் டெரோகார்ப்பஸ் மார்சுப்பியம் என்பதாகும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வில்லியம் ராக்ஸ்பரோ இதனை அறிவியல் முறையில் விளக்கிப் பெயரிட்டார். பேரினப் பெயர் ‘சிறகுடைய கனி’ எனப் பொருள்படும். 30 மீட்டர் உயரம் வரை வளரக்கூடிய இலையுதிர் மரம் இது. ஓர் இலையில் பெரும்பாலும் 5 முதல் 7 சிற்றிலைகள் அமையும். மணமுள்ள மஞ்சள் மலர்கள் கிளை நுனிகளில் பெருங்கொத்துகளாகப் பூக்கும். அவரைக் குடும்பத்தின் பல செடிகளில் காய் முற்றியபின் வெடித்து விதையைச் சிதறும். வேங்கையின் கனியோ வெடிப்பதில்லை. வட்டமாகவும் தட்டையாகவும் சிறகு போன்ற விளிம்புடனும் அமைந்து காற்றில் மிதந்து பரவும்.

பட்டையைக் கீறினால் குருதி போன்ற செந்நிறப் பிசின் வடியும். சித்த மருத்துவம் ‘உதிரவேங்கை’ எனப் பெயரிட்டதற்கு இதுவே காரணம். துவர்ப்பு மிக்க இப்பிசின் ‘மலபார் கினோ’ என்ற பெயரில் ஐரோப்பிய மருந்து வணிகத்திலும் இடம்பெற்றது.

வாழிடமும் பரவலும்

வேங்கை இந்தியா, நேபாளம், இலங்கை ஆகிய நாடுகளுக்குரிய மரம். இந்தியாவில் மேற்குத் தொடர்ச்சி மலை, கிழக்குத் தொடர்ச்சி மலை, மத்திய இந்தியக் காடுகள் ஆகியவற்றில் காணப்படுகிறது. தமிழகத்தில் முதுமலை, ஆனைமலை முதலிய பகுதிகளின் இலையுதிர் காடுகளில் வளர்கிறது. இலங்கையில் நில்கலப் பகுதியின் மரங்கள் செறிந்த புல்வெளிகளில் கடுக்காய், தான்றி, நெல்லி மரங்களோடு சேர்ந்து நிற்கிறது. நீர் தேங்காத மலைச்சரிவும் போதிய வெயிலும் இதற்கு உகந்தவை. இடைவிடாத நிழல் மூடிய பசுமைமாறாக் காடு இதன் இயல்பான இடமன்று.

இவ்வாழிடக் குறிப்புகள் சங்கப் பாடல்களில் தெளிவாகப் பதிவாகியுள்ளன. குறுந்தொகை 47ஆம் பாடல் கரிய அடிமரத்தையுடைய வேங்கையின் பூக்கள் உதிர்ந்து பரந்த பாறையைப் புலிக்குட்டியாகக் காண்கிறது. மரத்தின் நிறம், பூக்கள் திரளாக உதிரும் தன்மை, பாறை செறிந்த நிலம் ஆகிய மூன்று செய்திகள் இவ்வொரு காட்சியில் அடங்குகின்றன. அகநானூறு 52ஆம் பாடலில், உயர்ந்த கிளையிலுள்ள மலரை விரும்பிக் குறமகள் எழுப்பிய ஆரவாரத்தைக் கேட்டோர், ஆவைக் கவர்ந்த புலி எனக் கருதி வில்லோடு விரைகின்றனர். புலி நடமாடும் காடும், ஆநிரை வளர்க்கும் சிற்றூரும், மலர் எட்டாத உயரத்துக்கு வளர்ந்த மரமும் அங்கு அருகருகே உள்ளன. புறநானூறு 129ஆம் பாடலில் வேங்கை நின்ற முன்றிலில் குறவர் குரவை ஆடுகின்றனர். காட்டு மரமாயினும் குடியிருப்பின் எல்லைக்குள்ளும் அது பேணப்பட்டதை இது உணர்த்துகிறது. தினை முற்றும் காலத்தையும் மணத்திற்குரிய காலத்தையும் வேங்கையின் பூப்பைக் கொண்டு மலைவாழ் மக்கள் கணித்தமையால், காலம் உணர்த்தும் ‘கணி’யாகவும் அது கருதப்பட்டது.

அச்சுறுத்தல்கள்

வேங்கையின் பயன்மிகுதியே அதன் இடர்ப்பாடாகவும் அமைந்துள்ளது. தென்னிந்திய மரவணிகத்தில் தேக்கு, ஈட்டி ஆகியவற்றுக்கு அடுத்த நிலையில் வேங்கை மதிக்கப்படுகிறது. கதவு, நிலை, வண்டி, உழுகருவி எனப் பல பயன்களுக்காக வெட்டப்பட்டு வந்துள்ளது. வைரத்தில் கடைந்த குவளையில் இரவில் நீரூற்றி வைத்துக் காலையில் அருந்துவது நீரிழிவுக்கு மருந்தாகக் கொள்ளப்படுகிறது. நீரிழிவு நோயாளிகளிடம் இம்மரத்தின் பயனை ஆராய்ந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் முடிவுகள் 1998இல் வெளிவந்தன. அதே ஆண்டில்தான் இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியத்தின் மதிப்பீடு இம்மரத்தை ‘அழிவாய்ப்பு இனம்’ என வகைப்படுத்தியது.

இலைக்காகவோ பூவுக்காகவோ நாடப்படும் செடி பறித்தபின் மீண்டும் தளிர்க்கும். வேங்கையில் நாடப்படுவதோ வைரம். அது முதிர்ந்த மரத்திலேயே கிடைக்கும். எனவே விதை தரும் தாய்மரங்களே முதலில் வெட்டப்படுகின்றன. கனியின் தோல் கடினமானது, முளைப்புத்திறனும் குறைவு. முளைத்தெழும் கன்றுகளைத் தீயும் மேய்ச்சலும் அழிக்கின்றன. உண்ணிச்செடி போன்ற அயல் புதர்கள் வெயிலை மறைக்கின்றன. முதிய மரம் குறைவதும் இளங்கன்று நிலைக்காததும் ஒருங்கே நிகழ்கின்றன.

பாதுகாப்பு நிலை

பிற்கால மறுமதிப்பீட்டில் வேங்கை ‘அச்சுறு நிலையை அண்மித்த இனம்’ என மாற்றப்பட்டது. பரவல் எல்லை அகன்றிருப்பது இத்தகைய மதிப்பீட்டில் கருதப்படும் கூறுகளுள் ஒன்று. எனினும் எல்லை அகலமாக இருப்பதும், அவ்வெல்லைக்குள் மரங்கள் செறிந்திருப்பதும் வெவ்வேறானவை. தனித்தனியாக எஞ்சிய முதுமரங்களும் நிலப்படத்தில் பரவலாகவே தோன்றும். அவற்றின்கீழ் கன்றுகள் உள்ளனவா என்பதே எதிர்காலத்தைத் தீர்மானிக்கும்.

இதன் நெருங்கிய உறவாகிய செஞ்சந்தனம் ஆந்திரத்தின் தென்பகுதி மலைகளையே பெரிதும் சார்ந்த குறுகிய பரவலுடையது. காட்டுயிர் வணிகத்தை ஒழுங்குபடுத்தும் பன்னாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பில் அது 1995இல் சேர்க்கப்பட்டது. இப்பேரினத்தின் ஆப்பிரிக்க மரங்களுக்கு 2022இல் அதே காப்பு விரிவாக்கப்பட்டது. வேங்கை அப்பட்டியலில் இல்லை. அதன் மரமும் மருந்தும் பெரிதும் உள்நாட்டிலேயே நுகரப்படுவதால், பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டைக் காட்டிலும் உள்ளூர்ப் பேணுதலே அதற்கு இன்றியமையாதது. தாய்மரங்களைக் குறித்துக் காத்தல், கனியுறையை நீக்கி நாற்றங்காலில் கன்று வளர்த்தல், மருத்துவத் தேவையைக் காட்டுக்கு வெளியே வளர்த்த மரங்களால் நிறைவு செய்தல் ஆகியன உரிய வழிகள்.

முடிவுரை

சங்கப் புலவர் வேங்கையைத் தனிமரமாகப் பாடவில்லை. பாறை, தினைப்புனம், சிற்றூர், புலி ஆகியவற்றோடு இணைத்தே பாடினர். காக்கப்பட வேண்டியதும் அவ்விணைப்பே. குறிஞ்சிப் பாடல்களைக் கற்பிக்கும் வகுப்பில் வேங்கையின் உருவமும் நிலையும் சேர்த்துக் கற்பிக்கப்படுமாயின், உரைகளில் ‘ஒரு மரம்’ என்று கடந்துபோகும் சொல்லுக்கு உயிர் கிடைக்கும். கல்வி நிறுவன வளாகங்களில் நடப்பட்டுப் பேணப்படும் வேங்கைக் கன்றுகள் அக்கல்வியின் பகுதியாக அமையும். உவமேயம் அழிந்தபின் உவமையை விளக்குவது அரிது. உவமானத்திற்கும் அதுவே பொருந்தும்.