எச்.ஐ.வி. மாத்திரை சாப்பிடுபவரா? சிறுநீரகத்தையும் கவனியுங்கள்!

சடையங்குப்பத்திலிருந்து பஸ் பிடித்து, ஸ்டான்லி ஆஸ்பத்திரி ஏ.ஆர்.டி. மையத்தில் மாத்திரை வாங்கி வருகிறீர்கள். வீட்டில் ஒருவருக்குத்தான் விஷயம் தெரியும். மூட்டு வலித்தால் மெடிக்கல் ஷாப்பில், "வலிக்கு ஏதாவது குடுங்க"ன்னு வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விடுகிறீர்கள். இங்கேதான் ஆபத்து.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-ல், நம் சென்னையில். அரசின் இலவச ஏ.ஆர்.டி. மருந்து 2004 ஏப்ரலில் தொடங்கியது. அன்று மாத்திரை ஆரம்பித்த பலர் இன்று பேரன் பேத்தியைப் பார்த்துவிட்டார்கள். இத்தனை வருஷம் சாப்பிடும் மருந்து வெளியேறும் வழியையும் பார்க்க வேண்டாமா?

இப்போது பெரும்பாலோருக்குத் தினம் ஒரு மாத்திரைதான். அதில் டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் உண்டு. டெனோஃபோவிர் சிறுநீர் வழியாக வெளியேறும்போது சிலருக்குச் சிறுநீரக நுண்குழாய்களைப் பாதிக்கிறது. குழாய் பழுதானால் உடம்புக்கு வேண்டிய பாஸ்பேட், புரதம், சர்க்கரை எல்லாம் ஒழுகிவிடும். இரத்தத்தில் சர்க்கரை சரியாக இருந்தும் சிறுநீரில் சர்க்கரை வந்தால் டாக்டர் இதைத்தான் சந்தேகப்படுவார். ஆரம்பத்தில் வெளியே ஒன்றும் தெரியாது. பாஸ்பேட் குறையக் குறைய எலும்பு வலிக்கும். உடனே நீங்கள் டைக்ளோஃபெனாக் போடுவீர்கள்! அதுவோ சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டத்தையே குறைப்பது. வெயிலில் தண்ணீர் குடிக்காமல் லோடு ஏற்றுகிறவருக்குக் கேட்கவே வேண்டாம்.

அதற்காகக் கிரியாட்டினின் லேசாக ஏறியதும் பயந்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். டோலுடெக்ராவிர், சிறுநீரகத்தைக் கெடுக்காமலேயே அந்த அளவைச் சற்று ஏற்றிக் காட்டும். உண்மையான பாதிப்பு என்றால் டெனோஃபோவிருக்குப் பதில் மாற்று மருந்து இருக்கிறது. டாக்டர் மாற்றிக் கொடுப்பார். நீங்களாக நிறுத்தினால் கிருமி பெருகும். அந்தக் கிருமியே சிறுநீரகத்தைத் தாக்கும்.

இனி எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். ஏ.ஆர்.டி. ஏழைக்கு எட்டாத 1990-களில், தாம்பரம் சானடோரியத்தில் இரசகந்தி மெழுகு, அமுக்கரா சூரணம், நெல்லிக்காய் இலேகியம் கொடுத்துப் பார்த்தார்கள். அந்தக் காலம் வேறு. இரசகந்தி மெழுகில் பாதரசம் சேர்கிறது. பாதரசம் போய்த் தங்கும் இடம் சிறுநீரகம். டெனோஃபோவிர் சாப்பிடுகிறவருக்கு நான் அதை எழுத மாட்டேன். ஆடுதீண்டாப்பாளையும் வேண்டாம். அதிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைச் சுருக்கிவிடும். "மூலிகைதானே, என்ன பண்ணிடப் போகுது?" என்று என்னிடமே கேட்கிறார்கள். இதெல்லாம் பண்ணும் ஐயா!

ஆறு மாதத்துக்கு ஒரு தடவையாவது சிறுநீர்ப் பரிசோதனை, கிரியாட்டினின் இரண்டும் பாருங்கள். இரத்த அழுத்தம், சர்க்கரை இருந்தால் இன்னும் கவனம் தேவை. சித்த வைத்தியரோ, அலோபதி டாக்டரோ, யாரிடம் போனாலும் மாத்திரை டப்பாவை எடுத்துக் காட்டுங்கள். வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் டப்பாவே சொல்லிவிடும். உங்கள் சம்மதமில்லாமல் அவர் அதை வெளியே சொல்லக் கூடாது என்று 2017-ல் சட்டமே வந்திருக்கிறது.