‘பழகிடும்’ என்றால் விடாதீர்கள்

மதுரை கோரிப்பாளையத்துக் கடையொன்றில், சால்னாவில் ஊறிய பரோட்டாவைக்கூட மெல்ல முடியாமல் சித்தி இலையை மடித்துவிட்டு எழுந்தார். நான்கு நாள் முன்னால்தான் கடவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்து கேப் மாட்டியிருந்தார். “கடிச்சா அந்தப் பல்லுதான் முதல்ல முட்டுது டாக்டர்” என்று மறுபடி போய்ச் சொன்னதற்கு, “பழகிடும்மா. அதுல நரம்பே இல்ல, எப்படி வலிக்கும்?” என்று அனுப்பிவிட்டார்கள். மூன்று வாரம் போனது. காதோரமும் நெற்றிப்பொட்டும் வலித்தன. கேப்புக்கு நேர் எதிரே இருந்த நல்ல பல்லும் கூசத் தொடங்கியது.

நரம்பு இல்லை என்பது பாதி உண்மை. வேர் சிகிச்சையில் எடுப்பது பல்லுக்குள் இருப்பதை மட்டும்தான். வேரைச் சுற்றி, எலும்போடு பல்லைப் பிணைக்கும் சவ்வு அப்படியே இருக்கிறது. பற்களுக்கு நடுவே ஒரு தலைமுடி சிக்கினாலும் அது கண்டுபிடித்துவிடும். ஆகவே ‘தூக்கலா இருக்கு’ என்று நோயாளி சொன்னால் அது மனப்பிரமை அல்ல, ஒரு தகவல்.

தாடை கதவுக் கீல் மாதிரி திறந்து மூடுவதோடு நிற்பதில்லை. காதுக்கு முன்னால் விரல் வைத்து வாயைத் திறந்து பாருங்கள். உள்ளே உருண்டை எலும்பு முதலில் சுழலும், பிறகு முன்னே வழுக்கும். மெல்லும்போது பக்கவாட்டிலும் அசையும். அதனால் நேராகக் கடிக்க வைத்து கடி படும் இடத்தைக் காட்டும் நீலத் தாளில் புள்ளி பார்ப்பது மட்டும் போதாது. தாடையை இடமும் வலமும் முன்னும் நகர்த்தச் சொல்லியும் பார்க்க வேண்டும். மரத்துப்போகும் ஊசி போட்டிருந்தால் கடி சரியா என்று உங்களாலேயே சொல்ல முடியாது. ஊசி தெளிந்தபின் உறுத்தினால் மறுநாளே போங்கள். கடியைச் சரிசெய்வது தனிச் சலுகை இல்லை, நீங்கள் காசு கொடுத்த வேலையின் மிச்சம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கேப்பைத் தேய்க்காமல் எதிரே உள்ள உங்கள் சொந்தப் பல்லைத் தேய்க்க வந்தால், ஏன் என்று கேளுங்கள். தேய்ந்த எனாமல் திரும்ப முளைக்காது. ஒரு சிகிச்சைக்குக் கொடுத்த சம்மதம் மற்றொன்றுக்குச் செல்லாது என்று சமீரா கோஹ்லி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008-இல் சொல்லியிருக்கிறது. தாடையில் ‘டிக் டிக்’ சத்தம் மட்டும், வலி இல்லை என்றால் பெரும்பாலும் வைத்தியமே வேண்டாம். அதற்காக வாய் முழுக்கக் கேப் போடச் சொன்னால், இன்னொரு மருத்துவரிடம் காட்டாமல் தலையாட்டாதீர்கள்.

கொட்டாவி விட்டு வாய் மூடாமல் நின்றுவிட்டால் அது வேறு விவகாரம். தாடை நழுவியிருக்கிறது, வீட்டில் யாரும் அமுக்கிப் பார்க்க வேண்டாம், உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். பாக்கு, குட்கா போடுகிறவர் வாய்க்குள் மூன்று விரலைச் செங்குத்தாக நுழைக்க முடியவில்லை என்றாலும் தள்ளிப்போடக் கூடாது.

உசிலம்பட்டியோ மேலூரோ, மலிவாகப் பல் கட்டித் தருகிறேன் என்று யார் உட்கார்ந்திருந்தாலும் பதிவு எண்ணைக் கேளுங்கள். செட்டுப் பல்லைச் செய்து தரும் தொழில்நுட்பர் உங்கள் வாயில் கைவைக்கச் சட்டத்தில் இடமில்லை. பக்கத்துப் பற்களோடு பசை வைத்து ஒட்டிய பல் கடியையும் கெடுக்கும், ஈறையும் அழுகவிடும்.

கடி சரியில்லை என்று சொல்லியும் மருத்துவர் பார்க்க மறுத்தால்? கேப் தூக்கலாக இருந்ததே குற்றமாகிவிடாது. கவனிக்க மறுப்பது சேவைக் குறைபாடு. முதலில் எழுத்தில் கேளுங்கள். எக்ஸ்ரே, சிகிச்சைக் குறிப்பு நகல்களை வாங்குங்கள். வேறொரு பல் மருத்துவரின் கருத்தையும் எழுத்தில் பெறுங்கள். பிறகு மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலில் நடத்தை குறித்துப் புகார் தரலாம். நஷ்ட ஈடு வேண்டுமானால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கட்டண மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்பது 1995-இலேயே வி.பி.சாந்தா வழக்கில் முடிவான விஷயம். கொடுத்த கட்டணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. 2 ஆண்டுக்குள் போக வேண்டும். எல்லோருக்கும் இலவசமாகச் செய்யும் இடத்துக்கு இந்த வழி பொருந்தாது. அரசு ராஜாஜி மருத்துவமனை என்றால் டீனிடம் மனு கொடுங்கள். தகவலுக்கு நுகர்வோர் உதவி எண் 1915.

சித்திக்கு வேறொரு மருத்துவர் கேப்பில் இருந்த ஒரு மேட்டைத் தேய்த்துவிட்டார். வலி தணிந்தது. ஆனால் முதல் இடத்தில் பில் வாங்காததால் அவரால் வேறெதுவும் கேட்க முடியவில்லை. நீங்கள் கேட்டு வாங்கி வையுங்கள்.