விடிவெள்ளி தந்த எதிரொலி

நுவரெலியாவிலும் அட்டனிலும் வாழ்வோர்க்கு மூடுபனி புதிதன்று. தேயிலை மலையில் பனி இறங்கிவிட்டால் எதிர்மலை இருந்த இடமே தெரியாது. ஆயினும் பள்ளத்தாக்கை நோக்கி ஒருவர் உரக்கக் கூவினால், அக்குரல் பனியை ஊடுருவிச் சென்று, மலையில் மோதி, எதிரொலியாகத் திரும்பி வருகின்றது. கண்ணுக்கு மறைந்த மலை காதுக்குத் தன் இருப்பை உணர்த்திவிடுகின்றது!

வானநூலார் கிரகங்களை ஆராயும் ராடார் முறையும் இத்தகையதே. குரலுக்குப் பதில் வானொலி அலை. மலைக்குப் பதில் கிரகம். விநாடிக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் அவ்வலை, போய்த் திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடுவர்.

பெரட்டுக்குப் புறப்படுவோர் கீழ்வானில் காணும் விடிவெள்ளியே வெள்ளிக் கிரகம். அதனை என்றும் கலையாத முகில் மூடியிருக்கின்றது. ஆகவே, அது தன்னைத்தான் சுற்ற எத்தனை நாள் எடுக்கும் என்பதைத் தொலைநோக்கியால் அறிய இயலவில்லை.

1961ஆம் ஆண்டு அமெரிக்காவின் கோல்ட்ஸ்டன் நிலையத்திலிருந்து வெள்ளியை நோக்கி வானொலி அலைகளை அனுப்பினர். வெள்ளி மிக அருகே வரும்போதும் அதன் தூரம் சுமார் 4 கோடி கிலோமீற்றர். அலை போய்வர நாலரை நிமிடமாகும். மிக நலிந்து திரும்பிய எதிரொலியே சூரியனின் தூரத்தைத் திருத்தமாக அறிய உதவியது: சராசரி 14 கோடியே 96 இலட்சம் கிலோமீற்றர்.

புகைவண்டி நெருங்கும்போது அதன் ஊதல் உயர்ந்தும், விலகும்போது தாழ்ந்தும் கேட்பதை அட்டன் சிறுவர் அறிவர். சுழலும் கோளத்தின் ஒரு விளிம்பு நம்மை நெருங்க, மறு விளிம்பு விலகுகின்றது. எதிரொலியிலும் அவ்வேறுபாடு பதிகின்றது. இத்தகைய அளவீடுகளால் தெரிந்த விந்தை யாது? வெள்ளி தன்னைத்தான் சுற்ற 243 நாட்கள் எடுக்கின்றது. சூரியனைச் சுற்றவோ 225 நாட்களே போதும்! அதுவும் எதிர்த்திசையில் சுழல்வதால், அங்கே சூரியன் மேற்கில் உதிக்கும். பின்னர் 1990 முதல் 1994 வரை மகெல்லன் விண்கலம், ராடாரால் அதன் நிலப்பரப்பில் நூற்றுக்கு 98 பங்கைப் படமாக்கியது.

2008இல் இந்தியா சந்திரனுக்கு அனுப்பிய சந்திரயான்-1 கலத்திலும் ஓர் அமெரிக்க ராடார் இருந்தது. சந்திரனின் வடதுருவத்தருகே, வெயில் என்றுமே படாத பள்ளங்களில் பனிக்கட்டி இருப்பதற்கான அறிகுறிகளை அது கண்டது. அத்திட்டத்தின் இயக்குநர், பொள்ளாச்சியை அடுத்த கோதவாடிக் கிராமத்தில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை.

மாணவர்களே! பனி மூடிய மலையை நோக்கிக் கூவி, பதில் வரும் வரை எண்ணிப் பாருங்கள். விடிவெள்ளியின் இரகசியம் வெளிப்பட்டதும் அவ்வாறு கேட்டுக் காத்திருந்ததால் அன்றோ!