வீடு வாங்க அப்பா அம்மா பணம் தருகிறார்களா? தெரிந்துகொள்ள வேண்டியவை

"அப்பா அம்மா கொடுக்கிற பணம்தானே, இதில் என்ன கணக்கு?" முதல் வீட்டைத் தேடும் பல தம்பதிகள் இப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் அந்தப் பணம் எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பது முன்கூட்டியே தெரிந்தால் பின்னால் மனக்கசப்பு வராது.

எவ்வளவு பணம் கையில் வேண்டும்?

புக்கிட் பாத்தோக்கில் ஒரு மறுவிற்பனை வீட்டை 600,000 வெள்ளிக்குப் பேசி முடிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மதிப்பீடு 580,000 வெள்ளி.

2024 ஆகஸ்ட் 20 முதல் வீவக கடனும் வங்கிக் கடனைப் போல் அதிகபட்சம் 75 விழுக்காடுதான். அது குறைவான தொகையை, அதாவது மதிப்பீட்டை வைத்தே கணக்கிடப்படும். எனவே கடன் 435,000 வெள்ளி. மீதி 165,000 வெள்ளி உங்கள் பொறுப்பு.

அதில் மதிப்பீட்டுக்கு மேல் கேட்கப்படும் 20,000 வெள்ளியை ரொக்கமாகத்தான் கொடுக்க வேண்டும். மத்திய சேமநிதியைத் தொட முடியாது. வங்கிக் கடன் என்றால் இன்னும் 5 விழுக்காடு, அதாவது 29,000 வெள்ளி, ரொக்கம் தேவை. குடும்பம் தரும் பணம் பெரும்பாலும் கைகொடுப்பது இங்கேதான்.

அன்பளிப்பு இருந்தால் கூடுதல் கடன் கிடைக்குமா?

கிடைக்காது. வீட்டுக் கடனின் மாதத் தவணை, மொத்த மாத வருமானத்தில் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. அன்பளிப்பு வருமானம் அல்ல.

ஆனால் கடனைக் குறைக்கலாம். 2.6 விழுக்காடு வட்டியில் 25 ஆண்டுக்கு 435,000 வெள்ளி வாங்கினால் மாதம் சுமார் 1,970 வெள்ளி. பெற்றோர் தரும் 60,000 வெள்ளியைக் கழித்தால் சுமார் 1,700 வெள்ளி. வட்டியில் மட்டும் ஏறக்குறைய 21,600 வெள்ளி மிச்சம்.

வரி உண்டா?

சிங்கப்பூரில் அன்பளிப்பு வரி இல்லை. ஆனாலும் பணம் எங்கிருந்து வந்தது என்று வங்கியோ வழக்கறிஞரோ கேட்கலாம். பணத்தை வங்கிவழி அனுப்புவது நல்லது. இந்தியாவில் வசிக்கும் பெற்றோர் ஒரு நிதியாண்டில் ஆளுக்கு 250,000 அமெரிக்க டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்ப அந்நாட்டு விதிமுறை அனுமதிக்கிறது.

அன்பளிப்பா, கடனா?

சிக்கல் தொடங்குவது பெரும்பாலும் இதில்தான். "முடிஞ்சப்போ திருப்பிக் கொடு" என்று அம்மா சொல்லியிருந்தால் அது கடன். அப்படியென்றால் எழுதி வையுங்கள். கடனுக்கு விண்ணப்பிக்கும்போது மறைக்காதீர்கள்.

வீட்டில் பெயர் இல்லாத பெற்றோர், பணம் கொடுத்ததை மட்டும் காட்டி வீவக வீட்டில் பங்கு கேட்பது மிகக் கடினம். திருமணம் முறிந்தாலும் சிக்கல்தான். மாதர் சாசனத்தின்படி அன்பளிப்பாக வந்த சொத்து பொதுவாகப் பங்கிடப்படாது. ஆனால் அந்தப் பணம் தம்பதி குடியிருக்கும் வீட்டுக்குள் போய்விட்டால், அந்த வீடு பங்கீட்டுக்கு வரும்.

பணம் இல்லாத பெற்றோர்?

அவர்கள் பக்கத்தில் இருப்பதே உதவிதான். பெற்றோர் வீட்டிலிருந்து 4 கிலோமீட்டருக்குள் மறுவிற்பனை வீடு வாங்கும் தகுதிபெற்ற குடும்பங்களுக்கு 20,000 வெள்ளி மானியம் உண்டு. சேர்ந்து வசித்தால் 30,000 வெள்ளி.

பெற்றோரின் ஓய்வுக்காலச் சேமிப்பை வாங்குமுன், அவர்களின் மருத்துவச் செலவுக்கும் அன்றாடச் செலவுக்கும் மீதி என்ன இருக்கிறது என்று உட்கார்ந்து பேசுங்கள். கூடப்பிறந்தவர்களுக்கும் சொல்லிவிடுங்கள்.