துடுப்போசையில் தொலையாத குரல்

படகுப் போட்டிக்கு வாக்கி டாக்கி வாங்கப் போகிறவர்கள் முதலில் விலையைக் கேட்கிறார்கள், அடுத்து தூரத்தை. கேட்க வேண்டியது வேறு.

ஆலப்புழையின் புன்னமடைக் காயலில் நேரு கோப்பைப் போட்டி நடக்கும் நாளில், பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாது. வஞ்சிப்பாட்டு, விசில், ஒலிபெருக்கி வர்ணனை, ஒவ்வொரு சுண்டன் வள்ளத்திலும் ஏறக்குறைய நூறு பேர் ஒரே தாளத்தில் போடும் துடுப்பு. 1952இல் இதைப் பார்த்துச் சொக்கிப்போன நேரு, பாதுகாப்பு ஏற்பாடுகளை மறந்து, வெற்றி பெற்ற நடுபாகம் வள்ளத்தில் ஏறிக்கொண்டார். பிறகு அவர் அனுப்பிய வெள்ளிக் கோப்பைதான் இன்றைய பரிசு. இந்த இரைச்சலுக்கு நடுவில்தான் படகுகளைப் புறப்படச் செய்யும் அதிகாரி, ஒரு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் முடிவுக் கோட்டு நடுவருடன் பேசியாக வேண்டும். மீட்புப் படகுகளுக்கும் இருவர் குரலும் கேட்க வேண்டும்.

2024 இறுதிப் போட்டியில் காரிச்சால் வள்ளம் 4 நிமிடம் 29.785 விநாடியில் வந்தது. வீயபுரம் 29.790. வித்தியாசம் 0.005 விநாடி. தோற்ற தரப்பு நேரக் கணக்கை ஏற்க மறுத்தது. கோப்பைச் சண்டையாவது பிறகு பேசித் தீர்த்துக்கொள்ளலாம். 2023 ஜூலையில் சம்பக்குளம் மூலம் போட்டியில் பெண்கள் துடுப்புப் போட்ட படகு ஒன்று கவிழ்ந்தது. எல்லோரும் காப்பாற்றப்பட்டார்கள். இப்படிப்பட்ட நிமிடத்தில் மீட்புப் படகுக்காரர் அறிய வேண்டியது ஒன்றுதான்: படகில் எத்தனை பேர் இருந்தார்கள், எத்தனை பேரைத் தூக்கியாகிவிட்டது? அதைச் செல்போனில் கேட்க முடியாது. கரையில் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் வீடியோ அனுப்பும்போது நெட்வொர்க் திணறும். கிடைத்தாலும் செல்போன் ஒருவரை ஒருவரோடுதான் இணைக்கும். வாக்கி டாக்கியில் ஒருவர் சொன்னால் அந்த சேனலில் இருக்கும் அத்தனை பேருக்கும் கேட்கும்.

சரி, எதை வாங்குவது? பெட்டியில் அச்சிட்டிருக்கும் 'பல கிலோமீட்டர்' கதையை ஒதுக்கிவிடலாம். அது மலை உச்சியில் நின்று பேசினால் கிடைக்கும் தூரம். படகில் உட்கார்ந்திருப்பவரின் ஆன்டெனா தண்ணீருக்கு மேல் 1 மீட்டர் உயரத்தில் இருந்தால் அதன் பார்வை சுமார் 4 கிலோமீட்டர். இரு பக்கமும் அப்படியே என்றால் 8. தென்னந்தோப்பும் பார்வையாளர் மேடையும் குறுக்கே வந்தால் அதிலும் வெட்டு விழும். இடுப்பில் செருகி வைத்தால் உடம்பே தடை. கட்டுப்பாட்டு அறையின் ஆன்டெனாவை 10 மீட்டர் கம்பத்தில் ஏற்றிவிட்டால், கருவிகளை மாற்றாமலே நிலைமை பெரிதும் மாறும். விஎச்எஃப்பா யுஎச்எஃப்பா என்ற வாதம் பரந்த நீர்ப்பரப்பில் அர்த்தமுள்ளது. அங்கே விஎச்எஃப்புக்குக் கொஞ்சம் ஆதாயம். ஒரு கிலோமீட்டர் களத்துக்கு இரண்டுமே போதும்.

தண்ணீர் விஷயத்தில்தான் கஞ்சத்தனம் கூடாது. ஐபி67 தரம் என்றால் 1 மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும். ஆனால் தாங்குவது வேறு, மிதப்பது வேறு. காயல் சேற்றில் புதைந்துவிட்ட கருவி நனையாமல் இருந்து என்ன பயன்? மிதக்கும் ரகம் வாங்க வேண்டும், இல்லையென்றால் லைஃப் ஜாக்கெட்டில் கயிறு போட்டுக் கட்ட வேண்டும். தோள்பட்டையில் மாட்டும் மைக்கும் காதில் வைக்கும் இயர்போனும் இல்லாமல் இரைச்சலில் ஒரு வார்த்தை புரியாது. பேட்டரி எட்டு மணி நேரம் வரும் என்பது, பெரும்பாலும் சும்மா இருக்கும் கருவிக்கான கணக்கு. போட்டி நாளில் யார் சும்மா இருக்கிறார்கள்?

அடுத்தது சட்டம். 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான குறைந்த சக்திக் கருவிகளுக்கு 2018 விதிகள் லைசென்ஸ் விலக்கு தருகின்றன. சக்தி மிகுந்த, வேறு அலைவரிசைக் கருவி என்றால் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி தேவை. கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார். இணைய விற்பனைத் தளங்களும் சொல்லாமல் விற்றதால்தான் 2025இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அவற்றுக்கு விதிமுறைகள் வெளியிட்டது. 156.8 மெகாஹெர்ட்ஸில் இருக்கும் கடல்சார் சேனல் 16, ஆபத்து அழைப்புக்கும் முதல் தொடர்புக்கும் உரியது. கடலில் பாய்மரப் போட்டி நடத்துபவர்கள் அதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அரட்டைக்குப் பயன்படுத்தக் கூடாது.

லைசென்ஸ் தேவைப்படாத அலைவரிசையில் ஒரு சிக்கல்: அது எல்லோருக்கும் பொது. பக்கத்து ஓட்டல் காவலாளியும் அதே சேனலில் வரலாம். 'பிரைவசி கோட்' போட்டால் தப்பிக்கலாம் என்று நம்புகிறார்கள். அந்தக் கோட் அடுத்தவர் குரல் உங்கள் காதில் விழாமல் தடுக்கும், அவ்வளவுதான். இருவரும் ஒரே நேரத்தில் பட்டனை அழுத்தினால் மோதல் மோதல்தான்.

ஆகவே சேனல்களைப் பிரிப்பதுதான் உண்மையான தேர்வு. போட்டி நடத்துபவர்களுக்கு ஒன்று, போக்குவரத்துக்கும் சாப்பாட்டுக்கும் ஒன்று, மீட்புக்கு மட்டும் ஒன்று. மீட்புச் சேனலில் பிரமுகர் கார் எங்கே நிற்கிறது என்று யாரும் விசாரிக்கக் கூடாது. அதைக் கேட்க உட்காருபவர் முதுகைக் காயலுக்குக் காட்டி உட்கார வேண்டும், மேஜையில் ஒவ்வொரு வள்ளத்தின் ஆள் எண்ணிக்கையும் இருக்க வேண்டும். முதல் நாள் மாலையே மீட்புப் படகு ஒன்றைக் களத்தின் கடைசி வளைவுக்கு அனுப்பி, உட்கார்ந்த நிலையில் மோட்டாரை ஓடவிட்டபடி பேசச் சொல்லிப் பார்க்கலாம். கரையில் நின்று 'ஹலோ ஹலோ' சொல்லிப் பார்ப்பதைவிட அரை மணி நேரம் கூடுதலாகும். கொஞ்சம் டீசலும் செலவாகும்.