அந்த 'இதை' எடு

'பேச்சைக் கேட்டே மறதிநோயைக் கண்டுபிடித்துவிடுமாமே செயற்கை நுண்ணறிவு, நிஜமா?' என்று சேலத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கண்டுபிடிக்காது, சந்தேகப்படும். எதை வைத்துச் சந்தேகப்படுகிறது என்பதுதான் சுவாரசியம்.

இந்த ஆய்வுகள் பலவற்றுக்கும் மூலம் ஒரு கோட்டுப்படம். பக்கவாதத்தால் பேச்சுத்திறன் பாதிக்கப்பட்டவர்களைச் சோதிக்க, 1972இல் வெளியான பாஸ்டன் தேர்வில் வந்தது. அம்மா தட்டைத் துடைத்துக்கொண்டு நிற்கிறாள். தொட்டி நிரம்பித் தரையில் வழிகிறது. அவளுக்குத் தெரியாமல் பையன் ஸ்டூலில் ஏறி பிஸ்கட் திருடுகிறான். ஸ்டூல் சாய்கிறது. 'இதில் என்ன நடக்கிறது, சொல்லுங்கள்.' அவ்வளவுதான் பரிசோதனை.

2020இல் நடந்த 'அட்ரெஸ்' என்ற போட்டியில், இந்தப் படத்தைப் பார்த்து 156 பேர் ஆங்கிலத்தில் பேசிய பதிவுகளைக் கணினிகளுக்குக் கொடுத்தார்கள். சரிபாதிப் பேர் அல்சைமர் நோயாளிகள். இப்படிப்பட்ட ஆய்வுகளில் கணினி கவனிப்பது, எங்கே எவ்வளவு நேரம் தயங்குகிறார்கள், சொன்னதையே சொல்கிறார்களா என்பவற்றை. எனக்குப் பிடித்தது இன்னொன்று: பெயர்ச்சொல் நழுவி, அந்த இடத்தில் 'அது', 'அவள்' எத்தனை முறை வந்து உட்காருகிறது என்ற கணக்கு.

இங்கேதான் எனக்கு என் அத்தை நினைவு வரும். 'அந்த இதை எடுத்து இதுக்குள்ள வைடா' என்பாள். கரண்டியை அஞ்சறைப் பெட்டிக்குள் போட வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் புரியும். வயது 86, பால் கணக்கில் இன்றுவரை ஒரு ரூபாய் பிசகியதில்லை. ஆங்கிலத்தில் பழகிய கணினி முதல் நாளே அவளுக்குச் சீட்டு எழுதிவிடும். அந்தப் படத்தைப் பார்த்துத் தமிழில் 'விழுந்துடுவான்' என்றால் பையனும் அந்த வினைக்குள்ளேயே அடங்கிவிடுகிறான். அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? வருவதற்கும் போவதற்கும் சம்பந்தமில்லாத நம் 'வந்து'வைத் தயக்கம் என்பதா, பழக்கம் என்பதா?

தமிழ்ப் பேச்சுக்குத் தமிழ்ப் பதிவுகள் வேண்டும். நாகர்கோவில் கிழவியும் திருவண்ணாமலைக் கிழவரும் அவரவர் பேச்சில் பேசியவை; பக்கத்தில் பேச்சு சிகிச்சை தெரிந்த ஓர் ஆள் உட்கார்ந்து குறித்தவை. அந்தப் பாடு படாமல், ஆங்கிலச் செயலிக்குத் தமிழ்ப் பொத்தான் மாட்டி மதிப்பெண் போடுவதை நான் மருத்துவத்தில் சேர்க்க மாட்டேன்.

போன வாரம் அந்தப் படத்தை அத்தையிடம் காட்டினேன். பையனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 'யாரு இவ, தண்ணிய இப்படி விட்டுட்டு நிக்கிறா? முதல்ல அதை மூடச் சொல்லு' என்றாள்.